உம் கொட்டாத ஞாயிறுகள்

காலை ஆறு மணிக்கு மேற்கு மலை இன்னும் எழுந்திருக்காது. மேகத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடக்கும். அல்லிநகரத்தில் நான் குடியிருக்கும் மாடி அறையின் சன்னலில் அது தெரியும். அதற்கு முன்னால், மேசைமேல் மடிக்கணினியில், ஆறு சின்னச் சன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும். ஒன்றில் புனே. ஒன்றில் பெங்களூரு. இன்னொன்றில், கடலுக்கு அப்பால், நேற்றைய சாயங்காலத்திலேயே உட்கார்ந்திருக்கும் ஒருவர். எல்லாருக்கும் சேர்த்து ஒரு வணக்கம் சொல்வேன். அது போய்ச் சேர ஒரு மூச்சு நேரம் ஆகும். அந்த ஒரு மூச்சுக்குள் நான் எங்கெங்கோ போய்விட்டு வந்துவிடுவேன்.

எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. எத்தனை வாடகை வீடு மாறினேன் என்று வீட்டுச் சாமான்களுக்குத்தான் தெரியும். அச்சகத்தில் பிழை திருத்தினேன். போடியில் ஏலக்காய்க் கடையில் கடிதம் எழுதினேன். டுடோரியலில் தமிழ் நடத்தினேன். இடையிடையே கவிதை. ஐம்பதைத் தொட்டபோது இந்த நேரலை வகுப்பு வந்து சேர்ந்தது. தமிழ் தெரியாத பெரியவர்களுக்குப் பேச்சுத் தமிழ். உட்கார்ந்த இடத்திலேயே ஊர் ஊராகச் சுற்றிவரும் வேலை. என் கால்களுக்காகவே யாரோ கண்டுபிடித்தது போல.

வகுப்பில் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தேன். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் மைக்கை மூடிவிட வேண்டும். அந்தச் சட்டம் பிறந்ததே புனேப் பெண்ணால்தான். அவள் குடியிருப்புக்குப் பக்கத்தில் பாலம் கட்டுகிறார்கள். விடிந்ததும் பாறையைத் துளைக்கும் இயந்திரம் ஆரம்பித்துவிடும். முதல் நாள் அவள் மைக் திறந்திருந்ததில், நான் சொன்ன "சாப்டீங்களா?" ஆறு ஊருக்கும் பொடிப்பொடியாகத்தான் போய்ச் சேர்ந்தது.

"அடுத்தவங்க பேசும்போது நம்ம மைக்கை மூடிரணும்மா. அதுதான் மரியாதை" என்றேன்.

அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். எழுதுவதை நான் பார்த்தேன். நல்ல மாணவி என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் சும்மா பொழுதுபோக்குக்குத் தமிழ் படிக்க வந்தவள் இல்லை. பண்ணைப்புரத்தில் என் பெரியம்மா மகள் இருக்கிறாள், எனக்கு அக்கா. மச்சான் போன பிறகு வாழையையும் தென்னையையும் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறாள். ஒரே மகன். புனேயில் வேலை. அங்கே இந்த மராத்திப் பெண்ணை விரும்பிவிட்டான். அக்கா கத்தவில்லை, பட்டினி கிடக்கவில்லை. ஒரே பேச்சாகச் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை அந்தப் புள்ள எங்கிட்ட என் பாசையில பேசட்டும். எனக்கு ஒட்டுதா ஒட்டலையான்னு பாத்துட்டு, ஆடி முடிய சொல்லுறேன்." மகன் அன்றைக்கே என்னைக் கூப்பிட்டான். "மாமா, உங்கள நம்பித்தான் இருக்கேன். அம்மா வேணாம்னு சொல்லிட்டா நான் மீறிப் போக மாட்டேன். அது அவளுக்கும் தெரியும்."

ஆக, நான் அவளுக்கு வாத்தியார். அவனுக்குத் தாய்மாமன்.

மூடிய மைக்குகளுக்கு முன்னால் பேசுவதில் ஒரு மயக்கம் இருக்கிறது. நான் பேசப் பேச, ஆறு முகங்களும் மீன் தொட்டிக்குள் இருப்பதுபோல் சத்தமில்லாமல் அசையும். ஒருவர் இருமுவார், இருமல் கேட்காது. ஒருவர் வீட்டில் குக்கர் விசிலடிக்கும்போது தலை மட்டும் திரும்பும். புனேப் பெண்ணின் உதடுகள் அடிக்கடி மூடிமூடித் திறக்கும். சொற்களை வாய்க்குள் உருட்டிப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். கிணறு, வாய்க்கால், வாழைத்தார், பூவன், நாட்டு வாழை என்று அக்காவின் உலகத்தை ஒவ்வொரு சொல்லாக அவளிடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். ஐந்தாறு மாதத்தில் பேச்சு வந்துவிட்டது; ஆடி பிறந்ததும் அக்காவோடு ஞாயிற்றுக்கிழமைப் பேச்சும் ஆரம்பித்தது. நல்லபடியாகப் போகிறது என்றுதான் இருந்தேன்.

ஆடிக் காற்று ஆரம்பித்துவிட்டது. எங்கள் பள்ளத்தாக்கில் ஆடி மாதம் என்றால் மலைக்கு அந்தப்பக்கம் பெய்யும் மழையின் சத்தம் மட்டும் இந்தப்பக்கம் வந்துகொண்டிருக்கும், நனைக்காத மழை. மூன்று ஞாயிறு கழிந்து ஒரு திங்கட்கிழமை மத்தியானம் அக்காவின் தோட்டத்துக்குப் போனேன். குலை தள்ளிய வாழைகளுக்குக் கம்பு வைத்து முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இலைகள் எல்லாம் கிழிந்து, தோட்டமே முடியை விரித்துப்போட்டு ஆடியது. அக்கா என்னைப் பார்த்ததும் கயிற்றைக் கீழே போட்டாள்.

"வாலே, கவிஞரே. இந்தக் காத்துக்கு நீயெல்லாம் பறந்து போயிருப்பேன்னுல்ல நெனச்சேன்."

"பஸ்ஸுல கம்பியப் பிடிச்சுக்கிட்டு வந்தேன்க்கா. அந்தப் புள்ள எப்படிப் பேசுது?"

அக்கா ஒரு வாழையின் அடியைத் தட்டிப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "அது வேணாம்டா தம்பி."

காற்று ஒரு சுற்று சுற்றி வந்தது.

"ஊரு பேசுறத நான் பாத்துக்கிருவேன். எந்த ஊரு, எந்தப் பாசை, அதெல்லாம் கூட நான் மனச ஆத்திக்கிட்டேன். மூணு ஞாயித்துக்கிழமையா நான் பேசுறேன் பேசுறேன், அங்கன ஒரு உம்முனு சத்தம் வரல. நான் கேட்டா பதில் சொல்லுது, இல்லேங்கல. புத்தகம் படிக்குற மாதிரி அழகாத்தான் சொல்லுது. நான் பேச ஆரம்பிச்சா, ஆளே இல்ல. கெணத்துல கல்லப் போட்டாக்கூட ஒரு சத்தம் வரும்ல?"

"சிக்னலா இருக்கும்க்கா."

"ஏன், எம் மகன் பேசுறப்ப மட்டும் அந்தச் சிக்னலு நல்லாருக்கோ? இவன் சின்னப் புள்ளையில அம்மை போட்டுக் கெடந்தத சொன்னேன். உம் இல்ல. நம்ம செவல மாடு காணாமப்போன கதையச் சொல்லிக்கிட்டே வந்தேன், மல மேல ஏறித் தேடுனது வரைக்கும். உம் வரல. பாதியிலயே விட்டுட்டு, வைக்கிறேன்த்தானு வச்சுட்டேன். 'அப்புறம் என்ன ஆச்சு'னு ஒரு வார்த்த கேக்கணும்ல ஒரு மனுசி? எங்கதையக் கேக்கப் பிடிக்காத புள்ள எங்கூட எப்புடி இருக்கும்?" கயிற்றை எடுத்துக்கொண்டாள். "ஆவணி பொறந்ததும் கடமலைக்குண்டுல இருந்து மாப்பிள பாக்க வாராக. சொல்லி விட்டிருக்காக. நானும் வாங்கன்னுட்டேன்."

பக்கத்து வரிசையில் இரண்டு பெண்கள் முட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தன் நாத்தனாரைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே போனாள், மற்றவள் முடிச்சுப் போட்டபடி "உம்... உம்... உம்..." என்றாள். முடிச்சு இறுகாமல் அவள் ஒரு உம்மைத் தவறவிட்டாள். உடனே முதலாமவள் நிறுத்தினாள்: "ஏத்தா, கேக்குறியா?" "கேக்குறேன், சொல்லு."

திரும்பி வரும் பேருந்தில் முன்சீட்டுக்காரர் உத்தமபாளையத்தில் போனை எடுத்தவர், தேனி வரைக்கும் "உம்" தவிர ஒரு சொல் பேசவில்லை. அந்த உம்மிலேயே ஒரு கல்யாணச் சண்டையும் சமாதானமும் நடந்து முடிந்தன என்று எனக்குப் புரிந்தது. எத்தனை விதம்! இறங்குகிற உம், ஏறுகிற உம், நம்பாத உம், மூக்கோடு நின்றுவிடுகிற உம். இங்கே சொல்கிறவர் பாதிக் கதையைத்தான் சொல்கிறார். மீதியைக் கேட்கிறவர் இழுத்துக்கொண்டு போகிறார். என் வகுப்பில் இதற்கு ஒரு நாளும் ஒதுக்கவில்லை. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்துப் படித்ததில்லையே இது.

மறுநாள் காலை வகுப்பு முடிந்ததும் அவளை மட்டும் இருக்கச் சொன்னேன். மற்றச் சன்னல்கள் அணைந்தன. திரை முழுக்க அவள் ஒருத்தி. திரைக்குப் பின்னால், சன்னலில் மலை மெல்லப் போர்வையை விலக்கிக்கொண்டிருந்தது.

"அத்தை பேசும்போது நீ என்னம்மா செய்வே?"

ஒரு மூச்சு நேரம். "கேட்பேன், சார்."

"நீ கேக்குறது அவுகளுக்கு எப்படித் தெரியும்?"

"உம் சொல்வேனே. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். நிறையச் சொன்னேன் சார். எல்லாத்துக்கும் சொன்னேன்."

"அவுகளுக்கு ஒண்ணுமே கேக்கலையாம்மா."

அவளுக்குப் புரியவில்லை. போனைத் தூக்கிக் காட்டினாள், விரலால் ஒரு இடத்தைத் தொட்டாள். "மைக்கை மூடிவிட்டுத்தான் கேட்பேன். இங்கே இந்த மெஷின் சத்தம். அடுத்தவங்க பேசும்போது மூடணும். அதுதான் மரியாதை."

என் சொற்கள். என் குரலின் ஏற்ற இறக்கத்தோடு. நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து காட்டினாள். அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தது. அடுத்தடுத்த பக்கங்களில், உடைந்த தமிழ் எழுத்தில், அக்கா சொன்னதெல்லாம் இருந்தது. கிணறு வெட்டின வருஷம். பாறை விழுந்தது. அம்மை. வேப்பிலை.

"அம்மை கதை சொன்ன நாளில் நான் அழுதேன் சார். அத்தைக்குக் கேட்கக் கூடாது என்று மைக் மூடித்தான் இருக்கா என்று மறுபடி பார்த்தேன்."

அந்தப் பக்கம் இயந்திரம் தடதடத்தது. என் வகுப்பில் மூடிமூடித் திறந்த அந்த உதடுகள் ஒவ்வொரு காலையும் எனக்கும் உம் கொட்டிக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. தொட்டிக்குள் மீன்கள் என்று நினைத்துப் பேசிக்கொண்டிருந்தேன்.

அவள் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். "மாடு காணவில்லை. மலையில் தேடினார்கள்" என்பதோடு நின்றிருந்தது. "நான் மைக்கைத் திறப்பதற்குள் அத்தை வைத்துவிட்டார்கள். சார், மாடு கிடைத்ததா?"

"எனக்குத் தெரியாதும்மா. நீயே கேளு."

அன்றைக்கே அக்காவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது என்றேன். அவள் முழுதும் கேட்டாள். ஒரு உம்கூடக் கொட்டாமல் கேட்டாள். வேண்டுமென்றேதான். கடைசியில், "வாத்தியாரும் நீ, வக்கீலும் நீயாலே?" என்றாள். "நீ சொல்லிக்குடுத்து அது உம் கொட்டுறதுல எனக்கு என்ன இருக்கு? கிளிக்குச் சொன்னாலும் கொட்டும்" என்று வைத்துவிட்டாள்.

ஆடியின் கடைசி ஞாயிறு. நான் தோட்டத்துக்குப் போய்விட்டேன். அக்கா மோட்டார் ரூம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வெயில் மங்கி, மேகம் மலையிலிருந்து பாதி இறங்கி நின்றது. போன் அடித்தது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எடுத்து, ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தாள்.

முதலில் வந்தது அவள் குரல் இல்லை. தடதடவென்று அந்த இயந்திரம். பண்ணைப்புரத்து வாழைகளுக்கு நடுவே புனேயின் பாறை உடைந்தது.

"என்னத்தா அது, ரைஸ்மில்லுக்குள்ள இருக்கியா?"

"பாலம் கட்டுறாங்க அத்தை. சத்தம் அதிகம். மன்னிச்சுக்கோங்க."

"கட்டட்டும் கட்டட்டும்." அக்கா ஆரம்பித்தாள். காற்றில் பத்து வாழை சாய்ந்ததைச் சொன்னாள். ஒரு மூச்சு கழித்து, "உம்" வந்தது. அக்கா அடுத்ததைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது முந்தையதற்கு உம் வந்தது. பிந்தி வருகிற எதிரொலிபோல ஒவ்வொன்றும் ஒரு வரி தாமதமாக வந்து விழுந்தது. அக்கா என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். கிளி, என்பதுபோல. பிறகு பேச்சின் நடுவிலேயே சட்டென்று நிறுத்திக்கொண்டாள். சும்மா இருந்தாள். சோதிக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

அங்கேயும் சத்தமில்லை. இயந்திரம்கூட அந்த நேரம் பார்த்து ஓய்ந்து நின்றது.

"அத்தை" என்றாள் அவள். "அந்தச் செவலை மாடு. மலையில் தேடினீங்க. அப்புறம்? கிடைச்சுதா?"

அக்காவின் பார்வை போன் பக்கம் திரும்பியது.

"நான் ஒரு வாரமா யோசிக்கிறேன் அத்தை. புலி பிடிச்சிருக்குமா?"

"புலியா?" அக்கா போனைத் தரையிலிருந்து எடுத்தாள். ஸ்பீக்கரை அணைக்கத் தெரியாமல் அப்படியே காதில் வைத்துக்கொண்டாள். "அடிப்போடி இவளே. புலியாவது ஒண்ணாவது. அந்தச் சிறுக்கி மலைய ஏறி அந்தப்பக்கம் கேரளாவுக்கே போயிருச்சு. அங்கன ஒரு ஏலத்தோட்டத்துல ஒரு மலையாளத்தி கட்டிவச்சுத் தவுடும் தண்ணியும் காட்டி, பேரு வேற வச்சிருக்கா..."

"உம்."

"நான் போய் நிக்கிறேன். அவ அவ பாசையில பேசுறா, நான் நம்ம பாசையில பேசுறேன். மாடு ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாக்குது..."

"உம்..." அந்த உம்முக்குள் ஒரு சிரிப்பு உடைந்தது.

"சிரிக்காதடி. கேளு. அது எங்கூட வர மாட்டேன்னுருச்சு! ரெண்டு நா அங்கனயே படுத்துக் கெடந்து..."

அக்கா எழுந்து வாழைகளுக்குள் நடக்க ஆரம்பித்தாள். கிழிந்த இலைகள் அவள் தலைக்கு மேல் திறந்து மூடின. குரல் தள்ளிப்போகப் போக, சொற்கள் காற்றில் கரைந்து, அந்தப் பக்கத்து உம் மட்டும் இலைகளுக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. மேகம் இன்னும் கொஞ்சம் இறங்கியது. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. எங்கும் போக வேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

வரப்பின் அந்தக் கோடியிலிருந்து அக்கா திரும்பிப் பார்த்துக் கூப்பிட்டாள். போனை ஒரு கையால் பொத்திக்கொண்டு. பொத்தினால் அந்தப் பக்கம் கேட்காது என்று அவளுக்கு நினைப்பு.

"ஏலே, தாய்மாமா! சும்மா குத்தவச்சுக்கிட்டு இருக்காம, கடமலைக்குண்டுக்காரகளுக்குப் போன் போட்டு வர வேணாம்னு சொல்லு. பக்குவமாச் சொல்லு. உனக்குத்தான் நல்லா வார்த்த வருமே."

போட்டேன். எடுத்தவர் பெரியவர். நான் விஷயத்துக்கு வருவதற்குள் அவர், வருசநாட்டுப் பக்கம் மழையே இல்லை, கிணறெல்லாம் தரை தட்டிவிட்டது, அவரைக்கொடி பூத்துப் பூத்து உதிர்கிறது என்று சொல்லத் தொடங்கிவிட்டார். அவர் சொல்லி முடிக்கட்டும் என்று சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"உம்" என்றேன். "உம்... உம்."