சிவப்பு டேக் ஒட்டியும் போகாத சீட்டாட்டம்

ஒரகடத்தில் நான் சிஸ்டம் அட்மினாக இருந்த கம்பெனியில் வாடிக்கையாளர் ஆடிட் என்றால் துடைப்பம்கூட சட்டையை இன் பண்ணிக்கொண்டு நிற்கும். வேண்டாத பொருளுக்கெல்லாம் சிவப்பு டேக் ஒட்டித் தூக்கிப் போடுவது அங்கே வழக்கம். அப்படி ஓர் ஆடிட் நாளில், லேபிள் அடிக்கும் கம்ப்யூட்டரின் மானிட்டரில் "தேவையற்றது" என்ற டேக்கை ஒட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார் புரொடக்‌ஷன் மேனேஜர் சம்பத்.

அது விண்டோஸ் எக்ஸ்பி போட்ட பழைய பெட்டி. விண்டோஸோடு வந்த சீட்டாட்டம் அதில் இருந்தது. சம்பத் தன் கையாலேயே அந்த ஃபைலை அழித்தாராம். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் மறுபடி அங்கேயே இருந்ததாம். அந்தப் பெட்டியைத் தொடுகிற ஒரே ஆள் கான்ட்ராக்ட் ஆபரேட்டர் தேவகி. அவளைப் பெர்மனன்ட் ஆக்க சம்பத்தின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"அழிச்சது தானா வருமாம்மா? நீதான் திரும்பப் போட்டிருக்கே. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"நான் இன்னாத்துக்கு சார் போடப் போறேன்? எனக்கு ரம்மியே தெரியாது," என்றாள் தேவகி. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"சார், அவ தள்ளி நிக்கட்டும். இப்ப நீங்களே அழிங்க," என்றேன்.

அழித்தார். போனது. கொஞ்ச நேரத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"முன்னெல்லாம் கண்ட சாஃப்ட்வேரும் இன்ஸ்டால் ஆகும்போது விண்டோஸோட ஃபைலை மாத்திப் போட்டுடும் சார். மொத்த மெஷினும் படுத்துடும். அதனால முக்கியமான ஃபைலுக்கெல்லாம் விண்டோஸ் ஒரு காப்பி ஒளிச்சு வச்சிருக்கு. யாராவது கைவச்சா திரும்ப எடுத்துப் போட்டுடும். இந்த கேமையும் அது முக்கியம்னுதான் நெனைக்குது. கன்ட்ரோல் பேனல் வழியா எடுத்தா போயிடும்," என்று விளக்கினேன்.

"என்கிட்டயேவா?" என்று சம்பத் சட்டைக் கையை மடித்துக்கொண்டு மறுபடி அழித்தார். அதுவும் மறுபடி வந்தது. அவர் விடவில்லை, அதுவும் விடவில்லை.

அந்த நேரம் பார்த்து ஆடிட்டர் உள்ளே வந்தார். "இங்க என்ன நடக்குது?"

"சார் கேமோட மல்லுக்கட்டிக்கினு கீறாரு," என்றாள் தேவகி.

ஆடிட்டர் டேக்கைப் படித்தார். வியர்த்து வழிந்த மேனேஜரைப் பார்த்தார். "டேக் கம்ப்யூட்டருக்குத்தானே?" என்று மட்டும் கேட்டார்.

சாப்பாட்டு மணிக்கு முன்பே தேவகியின் பேப்பரில் சம்பத்தின் கையெழுத்து விழுந்தது. நான் கன்ட்ரோல் பேனலில் டிக்கை எடுத்ததும் கேம் சத்தமில்லாமல் போய்விட்டது. இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: அழித்தது திரும்பி வந்தால் முதலில் மெஷினைக் கேளுங்கள், பிறகு மனுஷரைச் சந்தேகப்படலாம்.

டேக்கை மட்டும் யாரும் கிழிக்கவில்லை. சம்பத் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம், பெர்மனன்ட் ஊழியர் தேவகி அதைத் துணியால் துடைத்துப் பளிச்சென்று வைப்பாள்.