சவக்குழியில் உட்கார்ந்த உர்சுல்

உர்சுல் ஸெர்போ எங்கள் ராம்சே கிராமத்துக்கு வந்த ஆண்டு எனக்குத் துல்லியமாக நினைவிருக்கிறது. அதே ஆண்டில்தான் நானும் அவ்வூர்த் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்றேன். அவர் சாமோ இனத்தவர். நாங்கள் அனைவரும் மொஸ்ஸிகள். கிணறு தோண்டும் கணவரோடு வந்தார். கிணறு முடிந்தது, இரண்டு ஆண்டுகளில் காய்ச்சல் கண்டு கணவரும் மறைந்தார். சொந்த ஊருக்குத் திரும்பவில்லையா என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன விடை ஒன்றுதான்:

"என் அடிமைங்க மொத்தப் பேரும் இங்க இருக்கீங்க. நான் போயிட்டா உங்களை யாரு மேய்க்கிறது?"

சாமோவுக்கும் மொஸ்ஸிக்கும் இடையே முன்னோர் வகுத்த கேலியுறவு அத்தகையது. ஒருவரை ஒருவர் அடிமை என்று அழைக்கலாம். அடுத்தவர் தட்டிலிருப்பதை எடுத்து உண்ணலாம். சந்தை நடுவே மானத்தை வாங்கலாம். மானம் போனவர் சிரித்தாக வேண்டும். கோபம் கொண்டவருக்கு ஊரில் மதிப்பில்லை. மற்ற சாமோக்கள் இந்த உரிமையைப் பொழுதுபோக்குக்குப் பயன்படுத்தினார்கள். உர்சுல் அதை வேலையாகவே செய்தார்.

அந்த வேலை என்னவென்று அறிய, அவருடைய ஒன்பதாம் வயதுக்குச் செல்ல வேண்டும். அக்காலத்தில் ஒரு வீட்டிலிருந்து ஒரு பிள்ளையைத்தான் பள்ளியில் சேர்ப்பார்கள். அவர் வீட்டிலிருந்து அண்ணன் அந்துவானைச் சேர்த்தார்கள். அந்துவான் மூன்றாம் நாளே பள்ளியை விட்டு ஓடிப்போய், மாமா வீட்டு ஆடுகளோடு ஐக்கியமானான். இருக்கை காலியாக இருப்பதைக் கண்ட உர்சுல், அண்ணனின் சட்டையை மாட்டிக்கொண்டு போய் அதில் அமர்ந்தார். ஆசிரியர் "அந்துவான் ஸெர்போ" என்று அழைத்தபோது, "உள்ளேன் ஐயா" என்று தடித்த குரலில் சொன்னார். இப்படிப் பதினோரு நாள் நடந்தது. பன்னிரண்டாம் நாள் தடுப்பூசி போட வந்த செவிலியர், பையன்கள் எல்லாரும் சட்டையைக் கழற்ற வேண்டும் என்றார்.

"பதினோரு நாளைக்குப் பதினோரு எழுத்து கத்துக்கிட்டேன் வாத்தியாரே. மிச்சத்தை அந்த ஊசி தின்னுடுச்சு" என்பார் உர்சுல்.

பள்ளி வாசலில் அவர் காராமணி வடை சுட்டு விற்றார். வடைச் சட்டியில் ஒரு கண்ணும் வாசலில் ஒரு கண்ணும் இருக்கும். நான் வருகைப் பதிவேட்டைத் திறப்பதற்கு முன்பே, எந்த வீட்டுப் பெண் வரவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிடும். நண்பகலில் அந்த வீட்டு முற்றத்தில் போய் நிற்பார். ஒரு தந்தையின் மிதிவண்டிச் சக்கரங்களிலிருந்து வால்வுகளைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். மகள் பள்ளிக்கு வந்த பிறகே திருப்பிக் கொடுத்தார். இன்னொருவர் சாப்பிட உட்கார்ந்தபோது அவரது களிக்கிண்ணத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, அவர் சம்மதிக்கும்வரை வெண்டைக் குழம்பைத் தொட்டுத் தொட்டுச் சுவைத்தார். சம்மதம் வருவதற்குள் கிண்ணத்தில் பாதி காலி.

இந்த முறைகள் எதற்கும் மசியாதவர் யம்பா ஸவதோகோ.

யம்பாவின் மகள் தலாத்தோவுக்கு வயது பன்னிரண்டு. தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வில் எங்கள் வட்டாரத்திலேயே முதலாவதாகத் தேறியிருந்தாள். அடுத்த வகுப்புக்கு யாகோ நகரத்துப் பள்ளியில் சேர வேண்டும். சேர்க்கைக்கு வெள்ளிக்கிழமை நண்பகல்வரை கெடு. அதற்குத் தேவையான பிறப்புச் சான்றிதழ் யம்பாவின் தகரப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டியின் சாவி அவருடைய கழுத்தில் தொங்கியது.

நான் மூன்று முறை நேரில் சென்று எடுத்துரைத்தேன். மூன்று முறையும் அவர் என்னை மரியாதையாக அமரவைத்து, இஞ்சி போட்ட கம்புமாவுத் தண்ணீர் கொடுத்து, நான் சொன்ன ஒவ்வொன்றையும் ஏற்றுக்கொண்டார்.

"நீங்க சொல்றது அத்தனையும் நியாயம் வாத்தியாரே. ஆனா, தண்ணி யாரு எடுக்கிறது? ரெண்டு வருஷம் போனா கட்டிக்குடுக்க வேண்டிய பொண்ணு. இன்னும் கொஞ்சம் தண்ணி குடிங்க."

உர்சுல் அவருடைய செருப்பைத் தூக்கிச் சென்றார். யம்பா வெறுங்காலோடு நடந்தார். தொப்பியைப் பறித்தார், யம்பா வெயிலில் நின்று சிரித்தார். செவ்வாய்க்கிழமை மாலையில் உர்சுல் என்னிடம் வந்து, "இந்த அடிமைக்குத் தோல் தடிமன்" என்று முதன்முறையாகச் சலித்துக்கொண்டார்.

அன்றிரவு யம்பாவின் பெரியப்பா இறந்துபோனார். தொண்ணூறைத் தாண்டியவர், பேரன் பேத்திகளை எண்ண முடியாத அளவுக்கு வாழ்ந்தவர். அத்தகையவரின் சாவில் அழுகை குறைவு, ஆட்டம் அதிகம். புதன்கிழமை முற்பகலில் குழி தோண்டி முடித்து, பாயில் சுற்றிய உடலைக் கொண்டுவந்தார்கள். குழிக்குள் உர்சுல் சம்மணமிட்டு அமர்ந்திருந்தார்.

இதில் யாரும் வியப்படையவில்லை. மொஸ்ஸி வீட்டுச் சாவில் சாமோ ஒருவர் குழிக்குள் இறங்கிக்கொள்வதும், ஒரு கோழியோ மெல்லுவதற்குக் கோலாக்கொட்டையோ கொடுத்து அவரை வெளியேற்றுவதும் எங்கள் வழக்கம். அதைச் செய்யாத சாமோவைத்தான் இறந்தவரை மதிக்காதவர் என்பார்கள். யம்பா சிரித்தபடியே ஒரு பெட்டைக் கோழியை நீட்டினார்.

"இந்தா சாமோக்காரி, வாங்கிட்டு மேல ஏறு. பெரியப்பா வெயில்ல காயுறாரு."

"கோழிய நீயே வச்சுக்கோடா. எனக்குத் தலாத்தோவோட பொறந்த சீட்டு வேணும்."

"அது எதுக்குடி உனக்கு?"

"என் அடிமையோட பொண்ணு எனக்குத்தானே சொந்தம்? என் பொண்ண நான் பள்ளிக்கூடத்துல சேக்கப்போறேன். சீட்டு வந்தாத்தான் நான் எந்திரிப்பேன். இங்க நல்லாக் குளுகுளுன்னு இருக்கு."

கூட்டம் ஆரவாரித்தது. யம்பா இரண்டு கோழி என்றார்; பிறகு ஒரு சேவல் என்றார்; கடைசியில் ஆட்டுக்கு வந்தார். உர்சுல் கொட்டாவி விட்டார். இறந்தவரின் தம்பி, நிற்க முடியாமல் தடியை ஊன்றிக்கொண்டிருந்தவர், பொறுமையிழந்தார்.

"டேய் யம்பா, அந்தக் காகிதத்தக் குடுத்துத் தொலைடா! எங்கண்ணன் உயிரோட இருந்தப்பகூட இவ்வளவு நேரம் காத்திருந்தது இல்ல."

யம்பா வீட்டுக்கு ஓடினார், தாளோடு திரும்பினார். உர்சுல் அதை வாங்கி, குழிக்குள்ளிருந்தபடி வெளிச்சத்தில் பிடித்தார். அவரிடமிருந்த பதினோரு எழுத்துகள் அதைப் படிக்கப் போதவில்லை. நான் உதவ முன்னால் சென்றேன்.

"நீங்க வாயத் திறக்காதீங்க வாத்தியாரே. நீங்களும் மொஸ்ஸி, அந்தப் பக்கத்து ஆளு. ஏ தலாத்தோ, வந்து படிடி!"

தலாத்தோ குழியின் விளிம்பில் மண்டியிட்டு, வகுப்பில் படிப்பதைப் போலவே நிறுத்தக்குறி தவறாமல் உரக்கப் படித்தாள்.

"உரிமையாளர்: யம்பா ஸவதோகோ. விலங்கு: காளை. நிறம்: சிவப்பு. கொம்பு: இடது கொம்பு உடைந்தது. தடுப்பூசி போடப்பட்டது."

பாடையைச் சுமந்து நின்றவர்கள் குலுங்கிச் சிரித்ததில் பெரியப்பா ஒரு பக்கம் சாய்ந்தார். அவரை அவசரமாக நிமிர்த்தினார்கள்.

"உங்க பள்ளிக்கூடத்துல காளையச் சேத்துக்குவீங்களா வாத்தியாரே?" என்றார் உர்சுல்.

"வயசு தாண்டிடுச்சு" என்றேன்.

"நான் ஏமாத்தலப்பா!" என்று யம்பா கெஞ்சினார். "இருக்கிறதுலயே பெரிய முத்திரையாப் பாத்து எடுத்துட்டு வந்தேன்!"

அவர் பொய் சொல்லவில்லை. எழுத்தறியாதவர், முத்திரையின் அளவை வைத்துத்தான் தாளுக்கு மதிப்புப் போட்டார். அவருடைய கணக்கில் மகளின் சான்றிதழே எல்லாவற்றிலும் மதிப்பு மிக்கதாக இருந்திருக்கிறது என்பது அந்த அமளியில் எவருக்கும் உறைக்கவில்லை. எனக்கே வீடு திரும்பிய பிறகுதான் உறைத்தது.

இம்முறை தகரப் பெட்டியே குழிக்கரைக்கு வந்தது. தலாத்தோ ஒவ்வொரு தாளாக எடுத்துப் படித்தாள். வரி கட்டிய ரசீது என்று யம்பா ஆறு ஆண்டுகளாக ஊர்த் தலைவரிடம் காட்டி வந்தது, மூத்த மனைவியின் மூட்டு வலிக்கு எழுதிய மருந்துச் சீட்டு. தலைவரும் ஆறு ஆண்டுகளாகத் தலையாட்டி வந்திருக்கிறார். கூட்டத்தில் நின்ற அவர் உடனே வானத்தைப் பார்த்துக்கொண்டார். ஒன்பதாவதாக எடுத்த தாள் பிறப்புச் சான்றிதழ்.

உர்சுல் எழுந்து கையை நீட்டினார். யம்பாவோ மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் புதியதொரு கவலை படர்ந்தது.

"உர்சுல், இவள அனுப்பிட்டா இதையெல்லாம் வீட்டுல யாரு படிக்கிறது? இவ்வளவு உபயோகமான பொண்ண எப்படி வெளிய விடுறது?"

உர்சுல் மறுபடி உட்கார்ந்தார். குழிக்குள் நீட்டி நிமிர்ந்து படுத்து, முந்தானையை முகத்தின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"யம்பா!" என்று தடி ஊன்றியவர் அலறினார்.

"சரி, சரி! பெரியப்பா மேல ஆணை, அனுப்புறேன்! எந்திரி தாயே!"

வியாழன் முழுவதும் எனக்கு ஐயம் இருந்தது. கேலியில் கொடுத்த வாக்கைக் கேலி என்றே கழித்துவிடலாம். உர்சுலுக்கும் அதே ஐயம் இருந்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை விடிந்ததும் யம்பாவின் வாசலில் போய் நின்று, தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தார்.

"என் அடிமையால சைக்கிள் மிதிக்க முடியலையாம்! வயசாயிடுச்சாம்! அவன் பொண்ண நானே கூட்டிட்டுப் போறேன்!"

யம்பா வெள்ளை அங்கியோடு வெளியே வந்தார். மகளை மிதிவண்டியின் பின்னால் ஏற்றினார். ஒரு சாமோ பெண் தன் மகளை அழைத்துப் போனாள் என்று ஊர் பேசுவதைவிட, இருபத்தொரு கிலோமீட்டர் மிதிப்பது அவருக்கு எளிதாக இருந்தது. உர்சுலை என் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு நானும் பின்தொடர்ந்தேன்.

நண்பகலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது யாகோ பள்ளி அலுவலகத்தில் எங்கள் முறை வந்தது. எழுத்தர் சான்றிதழைப் பார்த்தார். தேர்வு முடிவைப் பார்த்தார். இரண்டும் சரியாக இருந்தன.

"நகரத்துல பொண்ணு எங்க தங்கப்போகுது?"

"என் தங்கச்சி வீட்டுல" என்றார் உர்சுல். "சந்தைக்குப் பின்னாடி. பொறுப்பாளின்னு என் பேரப் போடுங்க."

"பொண்ணுக்கு நீங்க என்ன உறவு?"

"அடிமைன்னு எழுதுங்க" என்றார் யம்பா.

"எஜமானின்னு எழுதுங்க" என்றார் உர்சுல்.

"நாய்த்தலை திங்கிறவளுக்கு எஜமானிப் பட்டமா?" என்று சாமோக்களைப் பற்றிய மொஸ்ஸிகளின் பழைய கேலியை எடுத்துவிட்டார் யம்பா.

"என் அடிமை பேசுறதக் காதுல வாங்காதீங்க ஐயா. வெயில்ல மிதிச்சு மூளை உருகிடுச்சு."

எழுத்தரும் மொஸ்ஸி. சாமோவோடு வாய் கொடுத்தால் நண்பகல் தாண்டிவிடும் என்பதை அறிந்தவர். படிவத்தையும் பேனாவையும் தலாத்தோவின் பக்கம் தள்ளினார்.

"நீயே எழுதிக் குடும்மா."

தலாத்தோ எழுதினாள். மை உலரும்வரை ஊதினாள்.

"என்னடி எழுதின?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

அவள் தந்தையின் காதில் ஏதோ சொன்னாள். அவர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். பிறகு உர்சுலின் காதில் ஏதோ சொன்னாள். அவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். படிவம் எழுத்தரிடம் திரும்பியபோது நான் எட்டிப் பார்த்தேன். அழகான கையெழுத்தில் "அத்தை" என்று எழுதியிருந்தாள்.

எழுத்தர் அடுத்த பெயரை அழைத்தார்.