மாப்பிள்ளையைக் குளிப்பாட்டினார்கள்

அவளுக்கு வேலையிடத்தில் வைத்த பெயர் மூடி. விமானத்தை நாள்கணக்கில் நிறுத்தி வைப்பதென்றால் அதன் உடம்பிலுள்ள ஓட்டைகளை அடைக்க வேண்டும். அதுதான் அவள் வேலை. அடைக்காவிட்டால் இன்ஜினுக்குள் பறவை கூடு கட்டும், குழாய்க்குள் குளவி மண் வைக்கும், மழைத் தண்ணீர் போகக்கூடாத இடத்துக்குப் போகும். ஒரு விமானத்தில் எத்தனை ஓட்டைகள் என்று டிக்கெட் வாங்கி உட்காருகிறவர்களுக்குத் தெரியாது. தெரியாததே நல்லது.

சின்ன வயதிலேயே அவளுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடி இழுப்பாள். அம்மாவுக்கு ஆலையில் ஷிஃப்ட் வேலை. அப்பா வந்தால் உண்டு. வீட்டுச் சாவியும் தம்பியும் அவள் பொறுப்பில் இருந்தார்கள். "பூட்டிட்டேன்க்கா" என்று தம்பி சொன்னால் பூட்டவில்லை என்று அர்த்தம். கல்யாணமான புதிதில் அவள் கணவர், "விடும்மா, ஒருநாள் பூட்டு கழண்டு கையோட வந்துடப்போகுது" என்றார். பிறகு சொல்வதை விட்டுவிட்டார். அவள் திரும்பிப் போய்ப் பார்த்து வரும்வரை வண்டியை அணைக்காமல் வாசலில் நிற்கக் கற்றுக்கொண்டார்.

வீட்டில் பைத்தியம் என்று சொன்னதை விமானக் கம்பெனியில் பொறுப்பு என்று சொன்னார்கள். சம்பளமும் கொடுத்தார்கள். ஒரு உறையைப் போட்டுவிட்டு மறுபடி வந்து தொட்டுப் பார்த்தால் யாரும் சிரிக்கவில்லை. மேலதிகாரி தலையாட்டினார். அந்த வருடங்கள்தான் அவள் நிம்மதியாகப் பயந்த காலம்.

தம்பியையும் அங்கேயே சேர்த்துவிட்டாள். அவன் கையில் வேலை நன்றாக வரும். வாய்தான் கொஞ்சம் நீளம்.

கம்பெனி மூடப்பட்ட அன்று கூடத்தில் எல்லாரும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். தம்பிதான் ஆரம்பித்தான்: "கம்பெனிய மூடினது யாருன்னு தேடாதீங்கய்யா. இதோ நிக்கிறா, பேரைப் பாருங்க." சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

கடன் கொடுத்தவர்கள் சில பேரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். விமானங்களைச் சாகவிடாமல் வைத்திருக்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் டயர் தட்டையாகிவிடும், அதனால் அவ்வப்போது கொஞ்சம் உருட்ட வேண்டும். உள்ளே ஈரம் தங்காமல் உப்புப் பை போல ஒன்றைத் தொங்கவிட வேண்டும். ஜன்னல்களுக்கு உள்ளிருந்து வெள்ளித்தாள். வரிசையாக நின்ற விமானங்களுக்கு மூடி ஒவ்வொன்றாக உறை போட்டுக்கொண்டே போனாள். நாடா வைத்த சிவப்பு உறைகள். கடைசி விமானத்துக்கு வந்தபோது உறை தீர்ந்துவிட்டது. கேட்டு எழுதினால் பதில் சொல்ல ஆள் இல்லை. அலுமினிய டேப்பை வெட்டி ஒட்டினாள். கண்ணில் படட்டும் என்று சிவப்பு நாடாத் துண்டுகளைச் சேர்த்துத் தொங்கவிட்டாள். விமானி உட்காரும் இடத்தில், பறக்கும் முன் டேப்பை எடுக்கவும் என்று எழுதி ஒரு அட்டையும் மாட்டினாள்.

அந்தக் கடைசி விமானத்தின் பெயர் மாப்பிள்ளை. ஓடிக்கொண்டிருந்த காலத்தில் காலையில் ஏதாவது ஒரு குறை சொல்லிக் கிளம்ப மாட்டேன் என்று நிற்கும். நாலு பேர் சுற்றி நின்று உபசாரம் செய்தால்தான் நகரும்.

பிறகு அந்தச் சில பேரையும் வேண்டாம் என்றார்கள். பாஸை வாங்கிக்கொண்டார்கள். மூடி வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் கடை ஒன்றில் சேர்ந்தாள். விமானங்களின் கதை காற்றுவாக்கில் வந்துகொண்டிருந்தது. ஒன்றைத் தீயணைப்புக்காரர்கள் பயிற்சிக்கு வாங்கி எரித்து எரித்து அணைத்தார்கள். ஒன்றை ஓட்டலாக்கப் போகிறேன் என்று ஒருவர் வாங்கினார். இறக்கையை ஏற்றிய லாரி தெருவில் திரும்ப முடியாததால் பாதி வழியில் விட்டுவிட்டுப் போய்விட்டார். இரண்டு விமானங்களின் இன்ஜின்கள் கழற்றப்பட்டு எங்கோ வேறு விமானங்களுக்கடியில் பறந்துகொண்டிருந்தன. மூக்கில்லாமல் ஒன்று, வாலில்லாமல் ஒன்று. பெரிய தெரு சலூனில் காத்திருப்பவர்கள் உட்காருவது அவளுடைய கம்பெனியின் மூன்று பேர் இருக்கையில். பெல்ட் கூட இருந்தது.

தம்பி போய்ச் சேர்ந்தது விமானங்களை வாங்கி அறுத்து விற்கும் கம்பெனியில். ஒருநாள் போட்டோ அனுப்பினான். அறுத்து வைத்த உடம்பின் நடுவில் கையை விரித்துக்கொண்டு நின்றான். அவள் போன் செய்தாள்.

"கசாப்புக் கடையில சேர்ந்துட்டேன்னு ஊருக்கெல்லாம் காட்டணுமா?"

"நீ என்ன செஞ்சே? பொணத்துக்குப் பவுடர் போட்டே. நான் அறுக்கிறேன். அவ்வளவுதான் வித்தியாசம்."

அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

ஒரு காலையில் தம்பி மனைவி போன் செய்தாள். அவள் தையல் கடை வைத்திருக்கிறாள். பின்னால் மெஷின் ஓடும் சத்தம்.

"அண்ணி, உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னுதான் சொல்லிட்டுப் போனார். எனக்கு மனசு கேக்கல. இன்னைக்கு மத்தியானம் விமானத்துல போறார்."

"யாரு, அவனா? எங்க?"

"வேற நாட்டுக்காரங்க வாங்கிட்டாங்களாம். ஓட்டுறதுக்கு ரெண்டு பேரு, கூட இவரு. வழியில ஏதாச்சும்னா பாக்கிறதுக்கு. மாப்பிள்ளையக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னார் அண்ணி. எந்த மாப்பிள்ளை, நம்ம பக்கத்துல யாருக்குக் கல்யாணம்னு நான் ஒரு வாரமா யோசிச்சிட்டிருந்தேன்."

மூடியின் கையில் ஸ்குரூ டிரைவர் இருந்தது. அதை எங்கே வைத்தாள் என்று பிறகு தேட வேண்டியிருந்தது.

முன்கதவுக்குக் கீழே, இரண்டு பக்கமும், பெயின்ட் அடிக்காத உலோக வட்டம் ஒன்று இருக்கும். அதில் பொத்தான் துளை அளவுக்குச் சின்னச் சின்ன ஓட்டைகள். விமானம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதெல்லாம் அந்த ஓட்டைக்குள் போகிற காற்றை வைத்துத்தான் விமானிக்குத் தெரியும். அடைத்துக்கொண்டால் விமானம் மேகத்துக்கு மேல் இருக்கும். விமானிக்கு முன்னால் இருக்கும் கருவியின் முள் தரையில் இருப்பதாகச் சொல்லும். அலுமினிய வட்டத்தின் மேல் அலுமினிய டேப், கண்ணுக்கே தெரியாது. நாடாவை வெயில் தின்றிருக்கும். அட்டையை யார் எப்போது கழற்றி எறிந்தார்களோ.

தம்பிக்குப் போன் செய்தாள். அடித்து ஓய்ந்தது. மறுபடி செய்தாள். பிறகு அவள் எண்ணைத் தடுத்துவிட்டான் போல, அடிக்கவும் இல்லை.

கடை முதலாளியிடம் தலைவலி என்றாள். "உனக்கா, எனக்கா?" என்றார் அவர். அவள் அதற்குள் தெருவில் இருந்தாள்.

விமான நிலையத்தின் பின்வாசலில் புதிய காவலாளி.

"பாஸ்?"

"இல்லப்பா. முன்ன இருந்துச்சு. உள்ள ஒரு ஆள்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லணும்."

"என்ன வார்த்தை?"

"ஒரு ஓட்டைய மூடியிருக்கான்னு கேக்கணும்."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "அக்கா, முன்வாசல்ல விசாரணைன்னு ஒரு ஜன்னல் இருக்கு. ஓட்டையெல்லாம் அங்கதான்."

முன்வாசல் ஓடுதளத்துக்கு அந்தப் பக்கம். பஸ் பிடித்து, ஜன்னலில் நின்று, அவர்கள் யாரையோ கேட்டு... அவள் மணி பார்க்கவில்லை. பார்த்தால் கால் நடக்காது என்று தெரியும். குளிர்பதனக் கிடங்குகளுக்குப் பின்னால் மதில் முடிந்து கம்பிவேலி தொடங்கும் இடம் அவளுக்குத் தெரியும். அங்கே ஓடினாள்.

மாப்பிள்ளை நின்றது. முதலில் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. கம்பெனிப் பெயரை அழித்து முழுக்க வெள்ளை அடித்திருந்தார்கள். படிக்கட்டு வண்டி விலகிப் போய்க்கொண்டிருந்தது. முன்கதவு சாத்தியிருந்தது. வயிற்றுக்கடியில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. கிளம்பப் போகிறது என்று அர்த்தம்.

தம்பி மனைவியைக் கூப்பிட்டாள்.

"நீ கூப்பிட்டா எடுப்பானா?"

"எடுப்பார்."

"உன் போன்ல நான் இருக்கேன். கடை போன்ல அவனைக் கூப்பிடு. நான் சொல்றத அப்படியே சொல்லு."

மூடி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தையல் மெஷின் சத்தம் நின்றது. யாரையோ "கொஞ்சம் பொறுங்க, அளவு அப்புறம்" என்று சொல்வது கேட்டது.

"எடுத்துட்டார் அண்ணி. ஒரு காதுல நீங்க, ஒரு காதுல அவர்."

"முன்கதவுக்குக் கீழ, ரெண்டு பக்கமும், டேப் ஒட்டியிருந்தேன். எடுத்தானான்னு கேளு."

கேட்டாள். 

"நான் என்ன குருடனான்னு கேக்கிறார்."

"எடுத்தானா இல்லையா?"

"எடுத்துட்டாராம். பசை காஞ்சு போய் அதைத் துடைக்கவே அரை நாள் ஆச்சாம். மெஷின் வச்சு டெஸ்டும் பண்ணியாச்சாம். அப்புறம் ஒண்ணு சொன்னார், அத நான் சொல்ல மாட்டேன்."

"சொல்லு."

"மூடி, மூடிட்டுப் போன்னு."

மூடி கண்ணை மூடினாள். அவன் பேசுகிறான் என்பதே போதும்போல இருந்தது. போனை வைக்கப் போனாள்.

தம்பி மனைவி ஆறுதலாக இன்னும் கொஞ்சம் சொன்னாள்: "கவலைப்படாதீங்க அண்ணி, எல்லாம் நல்லாத்தான் செஞ்சிருக்காங்க. நேத்து சாயங்காலம் மாப்பிள்ளையக் குளிப்பாட்டி, பளபளன்னு ஆக்கிட்டாங்களாம்."

"நேத்தா?"

"ஆமா."

"டெஸ்ட் எப்ப பண்ணினாங்க?"

"அது அதுக்கு முன்னாடி போல."

விமானத்தைக் கழுவும் முன் அந்த ஓட்டைகளை மறுபடி டேப் போட்டு அடைப்பார்கள், தண்ணீர் உள்ளே போகாதிருக்க. கழுவி முடித்ததும் எடுக்க வேண்டும். எடுத்தார்களா? கழுவியது யார்? பஸ் கழுவுகிற ஆட்களைக் கூட்டி வந்திருப்பார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்?

"இறங்கிப் பாக்கச் சொல்லு," என்றாள். குரல் அவளுடையதாக இல்லை. "கண்ணால இல்ல, விரலால. தொட்டுப் பாக்கச் சொல்லு. ரெண்டு பக்கமும்."

"ஏணிய எடுத்துட்டாங்களாம் அண்ணி."

"திரும்பக் கொண்டு வரச் சொல்லு."

"விமானிங்க முன்னால மானத்த வாங்காதேன்னு சொல்றார்."

"மானம் போனா அடுத்த மாசம் வரும்னு சொல்லு. நீயும் சொல்லேன்டி. உன் புருஷன்தானே?"

அதன் பிறகு தம்பி மனைவி சொன்னது மூடிக்கு அல்ல. "ஏங்க," என்று ஆரம்பித்தாள். குரல் உடைந்தது. 

போய்க்கொண்டிருந்த படிக்கட்டு வண்டி நின்றது. பின்பக்கமாகவே திரும்பி வந்தது. கதவு திறந்தது. விரல் அளவு உருவம் ஒன்று இறங்கியது. நடை அவனுடையதுதான், தோளைச் சாய்த்துக்கொண்டு. இடது பக்கம் மூடியின் பார்வையில் இருந்தது. அவன் கையைத் தூக்கினான், உலோக வட்டத்தில் விரலை வைத்தான், நகர்த்தினான். மூக்குக்கடியில் குனிந்து வலது பக்கம் போனான். மறைந்துவிட்டான்.

வரவில்லை.

இடது பக்கத்துக்கு ஆன நேரம்போல இன்னொரு மடங்கு போனது. அதற்கு மேலும் போனது. மூடியின் உள்ளங்கையில் கம்பி பதிந்திருந்தது. ஏதோ இருக்கிறது. இருந்ததால்தான் நிற்கிறான். நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கிறான்.

பிறகு வந்தான். படியேறினான். கதவு சாத்திக்கொண்டது.

"சுத்தமா இருக்காம் அண்ணி. ரெண்டு பக்கமும். ஒண்ணுமே இல்லையாம்." தம்பி மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள்.

மூடிக்கு ஒரு மூச்சு இறங்கியது. அடுத்தது இறங்கவில்லை. ஒன்றுமே இல்லை என்றால்? டேப் ஒட்டாமலே தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்களா? உள்ளே போன தண்ணீர் குழாயில் நிற்கும். மேலே போனால் உறையும். டேப் அடைப்பதை அப்போது பனிக்கட்டி அடைக்கும்.

"கழுவுறதுக்கு முன்னால டேப் ஒட்டினாங்களான்னு கேளு. யாரு ஒட்டினா, யாரு எடுத்தான்னு..."

"போனை அணைச்சுட்டார் அண்ணி."

இன்ஜின் சத்தம் வந்தது. அவளுக்குத் தெரிந்த சத்தம். முதலில் முனகி, அப்புறம் சம்மதிக்கிற சத்தம். மாப்பிள்ளை எந்தக் குறையும் சொல்லவில்லை. திரும்பி, ஓடுதளத்தின் கோடிக்குப் போய், ஓடி, எழும்பியது. அவள் அதன் வயிற்றைப் பார்த்தாள். உள்ளே முட்கள் என்ன சொல்கின்றன என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

கடைக்குத் திரும்பினாள். வேறு எங்கே போவது? கணவருக்குப் போன் செய்து சொன்னாள். அவர் பள்ளி வண்டி ஓட்டுகிறவர். "நான் வரட்டுமா?" என்றார். "வந்து என்ன செய்வீங்க?" என்றாள். "உன் பக்கத்துல உட்காருவேன்." வேண்டாம் என்றாள்.

ஒரு மெஷினின் கதவு ரப்பரை மாற்றினாள். சரியாக உட்கார்ந்ததா என்று சுற்றிலும் விரலை ஓட்டினாள். மறுபடி ஓட்டினாள். தண்ணீர் விட்டுச் சோதித்தாள். முதலாளி பார்த்துக்கொண்டே இருந்தார். "கண்ணாடி தேயப்போகுது," என்றார். அவள் முகத்தைப் பார்த்தபின் ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அது ஆடை கட்டிக்கொண்டு அப்படியே இருந்தது.

கடை ஷட்டரைப் பாதி இறக்கியபோது போன் அடித்தது. தெரியாத எண். கையில் சோப்புத் தண்ணீர்.

"இறங்கிட்டேன்," என்றான் தம்பி.

  அவள் கேட்டாள், எதற்கு இதைக் கேட்கிறோம் என்று தெரியாமல்: "கழுவுறப்ப டேப் ஒட்டினாங்களா?"

"நான்தான் ஒட்டினேன். அவங்க கழுவி முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நின்னேன். நான்தான் எடுத்தேன். உன்கூட எத்தனை வருஷம் வேலை பார்த்திருக்கேன்?"

"அப்புறம் வலது பக்கம் என்னடா அவ்வளவு நேரம்?"

"நீ எங்கருந்து பார்த்தே?"

"வேலியிலேர்ந்து."

 அந்தப் பக்கம் யாரோ அந்நிய மொழியில் கத்திக்கொண்டு போனார்கள்.

"ஒண்ணுக்குப் போனேன்," என்றான். "டயர் ஓரமா. பயத்துல."

"எடுத்துட்டேன்னு தெரியும்ல, அப்புறம் என்ன பயம்?"

"தெரியும். நீ கேக்கிற வரைக்கும் தெரியும். நீ கேட்டதும் எடுத்தேனான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. தொட்டுப் பார்த்தேன், டேப் இல்ல. ஏணியில ஏறினதும், சரியாத் தொட்டேனான்னு வந்துச்சு. வழி பூரா அந்த முள்ளையே பார்த்துட்டு வந்தேன். விமானி, உனக்கு ஓட்டத் தெரியுமான்னு கேட்டான்."

அவள் ஈரக்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா இல்லையா என்று முதலாளிக்குத் தெரியவில்லை.

"இறங்கினதும் எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க," என்றான் தம்பி. "நான் மறுபடி போய்த் தொட்டுப் பார்த்தேன்."

"இல்லதானே?" என்றாள்.