நில் ரிப்போர்ட்

எண்பதுகளின் நடுவில் நான் பாகூர் பக்கம் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். போலீஸ் சம்பந்தப்பட்ட அலுவலகம். நாற்காலி அரசாங்கத்துடையது, அதில் போட்டுக்கொண்ட தலையணை என்னுடையது.

கொம்யூன் என்று பிரெஞ்சுக்காரர் பெயர் வைத்துவிட்டுப் போன எங்கள் வட்டாரத்தின் எல்லையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எல்லை என்றதும் மலையும் முள்வேலியும் நினைவுக்கு வரலாம். எங்களுடையது வரப்பு. வரப்புக்கு இந்தப் பக்கம் பாண்டிச்சேரி, அந்தப் பக்கம் தென்னாற்காடு. சில இடங்களில் வரப்பும் கிடையாது. களத்தை இங்கேயும் வைக்கோல் போரை அங்கேயும் வைத்திருந்த குடும்பங்கள் உண்டு. பாண்டியிலிருந்து கடலூர் போகும் பஸ் வழியில் சில தடவை எல்லையைத் தாண்டும். தூங்கிக்கொண்டு போகிறவருக்கு அது தெரியாது. விழித்திருப்பவருக்கும் சாராயக் கடைகளை வைத்துத்தான் தெரியும்.

கடலுக்கு அப்பால் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ஒருநாள் மேலிடத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. எல்லையோரத்திலும் கடலோரத்திலும் சந்தேகத்துக்கிடமான ஆட்களின் நடமாட்டம் எவ்வளவு என்று மாதா மாதம் எழுதி அனுப்ப வேண்டும். தலைப்பில் 'மிக ரகசியம்' என்று முத்திரை. கூடவே சாலையில் ஒரு மூங்கில் தடுப்பும், அதைத் தூக்கி இறக்க ஓர் ஏட்டும் வந்தார்கள். தடுப்பில் தொங்கிய பலகையில் சிவப்பு எழுத்தில் 'நில்' என்று எழுதியிருந்தது.

முதல் மாதம் ஏட்டு உண்மையைச் சொன்னார். "அப்பிடி யாரும் வர்ல சார். வந்தவன்லாம் நம்மூரு ஆளுதான்." அதிகாரி சொல்ல, நான் 'நில்' என்று டைப் அடித்து அனுப்பினேன். ஒன்றும் இல்லை என்பதற்கு ஆபீஸ் இங்கிலீஷில் அதுதான் வார்த்தை.

பத்து நாளில் பதில் வந்தது. நில் ரிப்போர்ட் அனுப்புவது விழிப்பின்மையைக் காட்டுகிறதாம். விளக்கம் தர வேண்டுமாம்.

எங்கள் அதிகாரி நல்ல மனிதர்தான். மகளுக்குக் காய்ச்சல் என்றால் லீவு கொடுப்பார். ஆனால் மெமோ என்ற காகிதத்தைக் கண்டால் அவருக்கு வேர்த்துவிடும். ஏட்டைக் கூப்பிட்டார்.

"யோவ், ஒரு மாசம் பூரா ஒருத்தன் மேல கூடவா உனக்கு சந்தேகம் வரல?"

"இன்னா சார், எல்லாரும் தெரிஞ்ச மூஞ்சி."

"தெரிஞ்ச மூஞ்சின்னா சந்தேகப்படக் கூடாதுன்னு எந்த ரூல்ல இருக்கு? மூடின கூடை, மூடின வண்டி, கேட்டா சரியா பதில் சொல்லாதவன், எல்லாத்தையும் எழுது."

ஏட்டு எழுதினார். கடலோரப் பனித்திட்டிலிருந்து மீன் கூடை தூக்கிக்கொண்டு எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊர்களில் விற்கப் போகும் பெண்கள் ஏழெட்டுப் பேர். கூடை மூடியிருக்கும், காக்கை கொத்தாமல் இருக்க. என்ன கொண்டு போகிறாய் என்று கேட்டால் சரியாகப் பதில் சொல்ல மாட்டார்கள். நாற்றம் சொல்லாததையா வாய் சொல்லப் போகிறது? ஒவ்வொருத்தியும் ஒரு நாளைக்கு நாலு தடவை தாண்டுவாள். ஏட்டின் நோட்டில் ஒருத்தி நாலு பேர் ஆனாள். மாத முடிவில் கூட்டிப் பார்த்தபோது அதிகாரிக்கே கொஞ்சம் பயம் வந்தது. 'பெண்கள், அடையாளம் தெரியாத சரக்குடன்' என்று நான் டைப் அடித்தேன். ஒரு கார்பன் காப்பி எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினேன். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டேதான் அடித்தேன். அதை மறைக்க மாட்டேன்.

இந்த முறை வந்தது பாராட்டு. அடுத்து ஒரு ஜீப் வந்தது. ஒரு தடவை பாராட்டு வாங்கிய எண்ணிக்கை குறையக் கூடாது அல்லவா? குறைந்தால் எங்கே போனார்கள் என்று கேட்பார்கள். ஆகவே மாதா மாதம் ஏறியது. கரும்பு வெட்ட வந்த ஆட்கள், கோயில் திருவிழாவுக்கு வந்த ராட்டினக்காரர், வழி தவறிய பூம்பூம்மாட்டுக்காரர் எல்லாரும் என் டைப்ரைட்டர் வழியாக ஊடுருவினார்கள்.

அந்தச் சமயத்தில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத் திறப்பு விழாவுக்கு ஒரு பெரிய மனிதர் வந்தார். மைக்கைப் பிடித்து, இந்த எல்லைப் பகுதியில் இத்தனை பேர் ஊடுருவியிருக்கிறார்கள், நம் அரசு விழிப்போடு இருக்கிறது என்று முழங்கினார். பீரோவில் நான் பூட்டி வைத்த எண் ஒலிபெருக்கியில் வந்தது. கூட்டத்தில் நானும் நின்றிருந்தேன். சுற்றிலும் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்தில் நின்ற பெண் தன் பிள்ளையை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டாள்.

மறுவாரமே கட்டுப்பாடுகள் வந்தன. விடிவதற்கு முன் கட்டுமரம் இறக்கக் கூடாது. தடுப்பில் ஒவ்வொரு கூடையையும் இரும்புக் கம்பியால் குத்திப் பார்க்க வேண்டும். மீனுக்கு விடியலும் தெரியாது, உத்தரவும் தெரியாது. வலை வெறுமையாக வந்தது. கிடைத்த கொஞ்ச மீனும் கம்பி பட்டுக் குடல் பிதுங்கி, விலை போகாமல் கருவாட்டுக்குப் போனது.

ஊரில் யாருக்கும் இதை எங்கே போய்க் கேட்பது என்று தெரியவில்லை. ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தது. அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். ஊரில் எல்லாரும் அவரை சொல்தா என்பார்கள், பிரெஞ்சில் சிப்பாய். இந்தோசீனாவில் சண்டை பார்த்தவர். அதிகாரிகளை ஐயா என்பதற்குப் பதில் முசே என்றுதான் கூப்பிடுவார். இஸ்திரி போட்ட சட்டையும், நாலாக மடித்த மனுவுமாகத் திங்கட்கிழமைதோறும் எங்கள் அலுவலகத்துக்கு வருவார். மனுவில் மூன்றே கேள்விகள். எத்தனை பேரைப் பார்த்தீர்கள்? எத்தனை பேரைப் பிடித்தீர்கள்? எத்தனை பேரை ஒன்றுமில்லை என்று விட்டீர்கள்?

அதிகாரி முதலில் டீ வாங்கிக் கொடுத்தார். அடுத்த தடவை டீ இல்லை. மூன்றாவது தடவை நாற்காலியும் இல்லை.

"பெரியவரே, இதெல்லாம் நாட்டுப் பாதுகாப்பு. வெளிய சொல்ல முடியாது."

"பேரு வேணாம் முசே. எங்க ஒளிஞ்சிருக்கான், எப்பிடிப் புடிப்பீங்க, அதுவும் வேணாம். அது ரகசியமா இருக்க வேண்டியதுதான், நானும் பட்டாளத்துல இருந்தவன். எண்ணிக்கை மட்டும் சொல்லுங்க. அத வச்சித்தான எங்க மரத்தக் கரையில நிறுத்தி வச்சிருக்கீங்க?"

"எண்ணிக்கையச் சொன்னா தீவிரவாதி உஷாராயிடுவான்."

சொல்தா மனுவை மறுபடி நாலாக மடித்தார். "தாங்க எத்தினி பேருன்னு அவங்களுக்கே தெரியாதா?"

நான் தலையைக் குனிந்துகொண்டு, டைப்ரைட்டரில் இல்லாத காகிதத்தைச் சரிசெய்தேன்.

அவர் போனதும் அதிகாரி என் மேஜைக்கு வந்தார். "இந்த மாசம் ஸ்டேட்மென்ட்ல ஒரு லைன் சேத்துக்கம்மா. பாதுகாப்பு விவரங்களில் அளவுக்கு மீறி ஆர்வம் காட்டும் நபர், ஒன்று."

"சார், அவரு…"

"அடிம்மா."

அடித்தேன். மீன்காரப் பெண்களை அடித்தபோது வந்த சிரிப்பு இப்போது வரவில்லை. கையெழுத்துக்கு வைத்தேன். கையெழுத்தும் ஆனது. அன்று மதியச் சாப்பாட்டை அப்படியே வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போனேன்.

நாலைந்து நாள் கழித்து, அதிகாரி பாண்டிக்கு மீட்டிங் போயிருந்த ஒரு காலையில், பனித்திட்டு மீன்காரப் பெண் ஒருத்தி அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். என் வீட்டுக்கும் மீன் கொடுப்பவள். நாற்பது வயதிருக்கும், குரல் அலையையே அதட்டும். கூடையை என் மேஜைக்குப் பக்கத்தில் இறக்கி, ஒரு பெரிய வஞ்சிரத்தைத் தூக்கிக் காட்டினாள். நடுவில் ஓட்டை, நாலு இடத்தில்.

"இத எவன் வாங்குவான் சொல்லு? யாரோ பூந்துட்டான் பூந்துட்டான்னு மைக்குல கத்துனாங்களே, யாரும்மா அவன்? அடையாளம் சொல்லு. எங்க ஆம்பளைங்களே புடிச்சிக் கட்டி இட்டாந்து போடுவானுங்க. எங்க பொழப்பு திரும்பி வரட்டும்."

அவள் உண்மையாகவே உதவி செய்ய வந்திருந்தாள். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போயிற்று.

"அது நீங்கதாங்க்கா," என்றேன்.

"இன்னாது?"

பீரோவைத் திறந்து கார்பன் காப்பிகளை எடுத்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். காலையில் போனால் ஒன்று, திரும்பினால் இரண்டு, மத்தியானம் மறுபடி போய் வந்தால் நாலு. அடையாளம் தெரியாத சரக்கு என்றால் மத்தி, சங்கரா. கரும்பு ஆட்கள். ராட்டினக்காரர். கடைசி வரியில் சொல்தா.

முதலில் வயிறு குலுங்கச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"அப்ப என்னத் தேடித்தான் என் கூடையக் குத்துறானா?"

கூடையைத் தூக்கிவிட்டேன். அவள் போய்விட்டாள்.

மறுநாள் காலை தடுப்பில் என்ன நடந்தது என்பதை ஏட்டே வந்து சொன்னார். மீன்காரப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து வந்திருக்கிறார்கள். தடுப்பைத் தாண்டும்போது முதல் பெண் நின்று, "ஏட்டே, எழ்திக்கோ, தீவிரவாதி ஒண்ணு!" என்றிருக்கிறாள். அடுத்தவள் "ரெண்டு!" பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னலில் தலையை நீட்டிச் சிரித்திருக்கிறார்கள். திரும்பி வரும்போது எட்டுக்கு மேல் எண்ணத் தெரியாத ஒருத்தி, "எவ்ளோன்னு நீயே போட்டுக்கோ, வழக்கமா போடுறதுதானே" என்றாளாம். சொல்தா தன் சட்டையோடு சாலையோரம் நின்று, "என்னையும் சேத்து" என்று கையைத் தூக்கினாராம். ஏட்டு நோட்டை மூடிவிட்டார். "நானும் எத்தினி நாளுதான் பொய் எழுதறது, நம்ம வூட்டுக்கும் அவங்கதான மீன் குடுக்கறாங்க" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

ஒரு மாதத்தில் விசாரணை. மேலிடத்திலிருந்து ஒருவர் வந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"ரகசிய ஆவணத்தை வெளியாளுக்குப் படிச்சுக் காட்டினியா?"

"ஆமா சார்."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. "ஏன்?"

"அவங்க எல்லை தாண்டினது அவங்களுக்குத் தெரியும் சார். நான் புதுசா எதையும் சொல்லல. நாம அத என்னன்னு எழுதினோம்னு மட்டும்தான் சொன்னேன்."

அவர் எங்கள் அதிகாரியைப் பார்த்தார். எங்கள் அதிகாரி மின்விசிறியைப் பார்த்தார். என் மேல் குற்றம் சாட்ட வேண்டுமானால் அந்த அறிக்கையை சாட்சியாக வைக்க வேண்டும். அறிக்கையை வைத்தால் மத்தியும் சங்கராவும் பைலில் ஏறும். அந்த எண்ணை மைக்கில் முழங்கிய பெரிய மனிதரும் ஏறுவார். விசாரணைக்கு வந்தவர் அறிவாளி. டீ குடித்துவிட்டு, எழுதியதைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

கம்பியால் குத்துவது நின்றது. கட்டுமரங்கள் பழைய நேரத்துக்கே கடலில் இறங்கின. ஏன் நிறுத்தினார்கள், ஏன் விட்டார்கள் என்று யாரும் ஊருக்கு எதுவும் சொல்லவில்லை. சொல்தாவின் மனுக்களுக்கு ஒரு பதிலும் வரவில்லை. சாகும் வரை அவர் எழுதிக்கொண்டுதான் இருந்தார். எங்கள் அதிகாரிக்கு, எல்லைப் பகுதியில் ஊடுருவலை ஒழித்ததற்காக, பதவி உயர்வு வந்தது.

எனக்கு 'நிர்வாகக் காரணங்களுக்காக' சேதராப்பட்டு பக்கம் மாற்றல். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். முதல் வாரம் பஸ்ஸில் அழுதேன். அப்புறம் பழகிவிட்டது.

மாதாந்திரப் படிவம் மட்டும் நிற்கவில்லை; அதை அடிக்க என் இடத்துக்கு ஒரு சின்னப் பெண் வந்தாள். டைப்பிங் ஹையர் பாஸ், சுறுசுறுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வில்லியனூர் மார்க்கெட்டில் என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

"அக்கா, இந்த மாசம் ஸ்டேட்மென்ட்டுக்கு எவ்ளோ போடணும்? போன மாசத்த விட எவ்ளோ ஏத்தினா சரியா இருக்கும்?"

"ஒரு நாளைக்கு அந்தத் தடுப்பாண்ட போய் நின்னு பாரு, யாரு வராங்கன்னு," என்றேன்.

"அதுக்கெல்லாம் ஏதுக்கா நேரம்," என்று சொல்லிவிட்டு அவள் கத்திரிக்காய் பொறுக்கப் போனாள்.