டிஸ்க்கில் கிடந்த மூன்று நிமிடம்

என் கணவர் லாரி ஓட்டுகிறவர். பாலக்கோட்டிலிருந்து தக்காளி ஏற்றிக்கொண்டு சேலத்துக்கும் அதைத் தாண்டியும் போவார். நான் இண்டூரில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சாதிச் சான்றிதழ் விண்ணப்பம், பரீட்சை ரிசல்ட், போட்டோ பிரிண்ட் என்று நாள் முழுக்க ஒரே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பேன்.

ஆடி மாதத்தில் ஒரு காலை, தொப்பூர் இறக்கத்தில் அவருடைய லாரியும் ஒரு காரும் மோதிக்கொண்டன. அவருக்கு இடது கை எலும்பு முறிந்தது. காரில் வந்த பெண்ணுக்குக் கால் முறிந்தது. லாரிதான் தடம் மாறி வந்து இடித்தது என்று கார்க்காரர்கள் புகார் கொடுத்தார்கள். கார்தான் இடப்பக்கம் புகுந்து குறுக்கே வந்தது என்று இவர் சொன்னார். பார்த்த சாட்சி யாரும் இல்லை.

ஆனால் எனக்குத் தெரிந்த ஒன்றை நான் யாரிடமும் சொல்லவில்லை. மோதிய நேரத்தில் அவர் என்னோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். நான்தான் கூப்பிட்டிருந்தேன். கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்ய மறந்துவிட்டார் என்று குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பாதிப் பேச்சில் பெரிய சத்தம் ஒன்று கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை. அரைமணி நேரம் கழித்துத்தான் வேறு யாரோ ஒருவருடைய போனிலிருந்து பேசினார்.

லாரியின் முன்கண்ணாடியில் ஓனர் ஒரு கேமரா மாட்டியிருந்தார். மூன்று நிமிடத்துக்கு ஒரு ஃபைலாகப் படமும் சத்தமும் பதிந்துகொண்டே போகும். மெமரி கார்டு நிறைந்தால் பழையதை அழித்து அதன் மேலேயே பதியும். விபத்துக்கு மறுநாள் லாரி நின்ற ஷெட்டுக்குப் போய்க் கார்டை வாங்கி வந்து, வீட்டிலிருந்த பழைய லேப்டாப்பில் போட்டு, வயரில் செருகும் என் சின்ன ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்தேன். திறந்து பார்க்கவில்லை. என் குரல் அதில் இருக்கும் என்று தெரியும். கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். லாரி பழுது பார்க்கப்பட்டு வேறு டிரைவரோடு ஓடத் தொடங்கியது. கார்டில் இருந்தது அழிந்துபோனது. அடுத்த வாரம் அந்த லேப்டாப்பும் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. அந்தக் காட்சி உலகத்தில் மிஞ்சியிருந்த இடம் என் கைப்பையில் கிடந்த டிஸ்க் மட்டும்தான்.

ஒரு மாதம் நானும் அதைப் பற்றிப் பேசவில்லை, அவரும் பேசவில்லை. ஓனர்தான் எங்கள் வழக்கைப் பார்த்த வக்கீலிடம் சொல்லிவிட்டார். ஒரு புதன்கிழமை காலை வக்கீல் கடைக்குப் போன் செய்தார்.

"ஏம்மா, வீடியோ உங்க கிட்ட இருக்குதாமே. மொதல்லயே சொல்ல வேணாங்களா? வெள்ளிக்கெழம ஆக்சிடெண்ட விசாரிக்கிற அதிகாரி ரிப்போர்ட்ட அனுப்பிடுவாரு. அதுக்கு முன்னாடி பென் டிரைவ்ல போட்டுக் குடுத்துடுங்க."

கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு டிஸ்க்கைக் கடைக் கம்ப்யூட்டரின் முன்பக்க போர்ட்டில் செருகினேன். டிக், டிக் என்று சத்தம் வந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை. கழற்றி மறுபடி செருகினேன். அதே சத்தம்தான். மேஜைக்கு அடியில் குனிந்து கேபினட்டின் பின்பக்கம் கைக்குத் தட்டுப்பட்ட நீல நிற போர்ட்டில் செருகினேன். இப்போது டிஸ்க் சுற்றியது. ஃபோல்டரும் திறந்தது. தேதியையும் நேரத்தையும் வைத்து அந்த ஃபைலைக் கண்டுபிடித்துக் கம்ப்யூட்டருக்குள் இழுத்து விட்டேன். பச்சைக் கோடு கொஞ்ச தூரம் ஓடி அப்படியே நின்றது. டிஸ்க் காணாமல் போய்விட்டது. திரும்பச் செருகினால் வரும், காப்பி தொடங்கினால் போய்விடும். ஏழாவது முறையோ எட்டாவது முறையோ, டிஸ்க்கை ஃபார்மட் செய்யவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு வெளியே போய்ச் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பட்டனை அழுத்தினால் எல்லாம் அழிந்துவிடும். அழுத்தினால்தான் என்ன என்று ஒரு நிமிடம் தோன்றியதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

பக்கத்து ஸ்டூடியோக்காரரின் புது லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். அதில் அடையாளமே காட்டவில்லை. "என்னோட டிஸ்க் எல்லாம் இதுல நல்லாத்தான் ஓடுதுங்க" என்றார் அவர்.

மதியம் வீட்டுக்குப் போனபோது என் கணவர் கைக்கட்டோடு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தார். ஒரு மாதமாக இதே நடைதான். வேலை இல்லாமல் உட்கார்ந்து பழக்கமில்லாத மனிதர்.

"வக்கீல் கூப்ட்டாரு மாமா. அந்த வீடியோ வேணுமாம்."

அவர் நடையை நிறுத்தவில்லை. "இருக்குதா?"

"டிஸ்க்கு தெறக்க மாட்டேங்குது."

"தெறக்கலன்னா விட்டுடு. வர்றது வரட்டும்."

என்னைக் காப்பாற்றுகிறார் என்று புரிந்தது. கோபமாகவும் இருந்தது. சோறு போட்டு வைத்துவிட்டு, நான் சாப்பிடாமல் தர்மபுரி பஸ் ஏறினேன்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில், அழிந்த ஃபைல்களை மீட்டுத் தருகிறவர் ஒருவர் இருந்தார். தன் கம்ப்யூட்டரில் டிஸ்க்கைச் செருகினார். கொஞ்சம் சுற்றி நின்றுபோனது. காதருகே வைத்துக் கேட்டார்.

"டிஸ்க்க படிக்கிற ஹெட்டு போயிடுச்சுங்க. பெங்களூருக்கு அனுப்பித் தெறக்கணும். ஒரு மாசம் ஆவும். கெடைக்குமான்னு உறுதியா சொல்ல முடியாது."

"எனக்கு வெள்ளிக்கெழம வேணுங்களே."

"அப்ப கஷ்டந்தாங்க."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை. எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நல்லம்பள்ளிப் பக்கம் வரும்வரை ஒரே கேள்விதான் மண்டைக்குள் ஓடியது. டிஸ்க் செத்துவிட்டது என்றால் ஃபோல்டர் எப்படித் திறந்தது? வீட்டு லேப்டாப்பில் இரண்டு வருடம் ஒரு தடவைகூட மக்கர் செய்யாதது, இந்த மூன்று கம்ப்யூட்டரிலும் மூன்று விதமாக ஏன் நடந்துகொள்கிறது? குறை டிஸ்க்கில் மட்டும் இருந்தால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அல்லவா இருக்க வேண்டும்?

அந்த லேப்டாப் மிகப் பழையது. அதிலிருந்த போர்ட்டுகள் எல்லாமே கறுப்பு, மெதுவான வகை. ஸ்டூடியோக்காரருடையது புதிது. மாடிக்காரர் செருகியதும் நீலம்தான். நீல போர்ட் வேகமானது, அதில் பேச டிஸ்க்கின் வயருக்குள் தனியாகச் சில கம்பிகள் உண்டு. அந்தக் கம்பிகளில் ஏதோ ஒன்று கெட்டிருந்தால்? கறுப்பு போர்ட்டுக்கு அந்தக் கம்பிகளே தேவைப்படாதே. என் கடைக் கம்ப்யூட்டரின் முன்பக்க போர்ட்டும் கறுப்புதான். ஆனால் அது கேபினட்டுக்குள் நீளமான மெல்லிய வயரில் தொங்குகிறது. பென் டிரைவுக்குப் போதும், சுற்றுகிற டிஸ்க்குக்கு அதில் மின்சாரம் போதாமல் டிக் டிக் என்று திணறியிருக்கலாம். கேபினட்டுக்குள் இருக்கும் மதர்போர்டிலேயே நேராகப் பதித்த கறுப்பு போர்ட் ஒன்று வேண்டும்.

கடைக்கு வந்து ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே நுழைந்து, கேபினட்டை இழுத்துத் திருப்பினேன். பின்னால் இரண்டு கறுப்பு போர்ட்டுகள் இருந்தன. ஒன்றில் கீபோர்டு, இன்னொன்றில் மவுஸ். இத்தனை வருடமாக அங்கேதான் இருந்திருக்கின்றன. கீபோர்டைப் பிடுங்கி நீலத்தில் செருகிவிட்டு, கறுப்பில் டிஸ்க்கைச் செருகினேன்.

டிஸ்க் சுற்றியது. ஃபோல்டர் திறந்தது. ஃபைலை இழுத்து விட்டேன். கோடு நகர்ந்தது, மெதுவாக. காலையில் நின்ற இடத்தைத் தாண்டியது. மேஜை ஆடினால்கூட அறுந்துவிடுமோ என்று தரையில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். முழுதாக வந்து சேர்ந்தது. முன்னும் பின்னும் இருந்த ஃபைல்களையும் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றும் பென் டிரைவில் ஒன்றுமாக வைத்த பிறகுதான் பிளே பட்டனை அழுத்தினேன்.

சாலை வந்தது. என் குரல் வந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்திருக்கிறார். "எத்தினி தடவ சொல்றது" என்று நான் கேட்கிறேன். அவர் "சரி, சரி" என்கிறார். இடப்பக்கம் ஒரு வெள்ளைக் கார் வேகமாக வந்து, லாரிக்கு முன்னால் குறுக்கே வெட்டுகிறது. பிரேக் சத்தம். படம் குலுங்கி நிற்கிறது. கார் சுழன்று தடுப்புச் சுவரில் சாய்ந்திருக்கிறது. போன் எங்கோ கீழே விழுந்திருக்க வேண்டும். "மாமா, என்னாச்சி, மாமா" என்று தூரத்தில் என் குரல் கேட்டு, அதுவும் அறுந்துபோகிறது.

அதற்குப் பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்று இருந்தது. லாரிக் கதவு திறக்கும் சத்தம். அவர் படத்துக்குள் நடந்து வருகிறார். இடது கை தொங்குகிறது. நேராகக் காருக்குப் போய், ஒற்றைக் கையால் கதவை இழுத்துத் திறந்து, குனிந்து, "அசையாதீங்கக்கா, காலு மாட்டியிருக்குது, அசையாதீங்க" என்கிறார். ஃபைல் முடியும்வரை அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டே நிற்கிறார்.

அந்த அரைமணி நேரம் எனக்குப் போன் செய்யவில்லை என்று ஒரு மாதமாக மனதுக்குள் அவர்மேல் குறை வைத்திருந்தேன். இப்படி நின்றதைப் பற்றி என்னிடம் அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

சத்தத்தை மட்டும் அழிக்க எனக்குத் தெரியும். இரண்டு நிமிட வேலை. திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அழிக்கவில்லை. உரிமம் அவருடையது, பிழைப்பு அவருடையது. நானாக முடிவு செய்யக்கூடாது என்று பென் டிரைவை வீட்டுக்கு எடுத்துப் போய், ஸ்டூடியோக்காரரிடம் இரவல் வாங்கிய லேப்டாப்பில் அவருக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணெடுக்காமல் பார்த்தார்.

"சத்தத்த எடுத்துட்டுக் குடுக்கலாம் மாமா."

"எதுக்கு? பேசிக்கிட்டு இருந்தது நெசந்தான. அப்பிடியே குடு."

"நாந்தான கூப்ட்டன்."

"எடுத்தது நானு." லேப்டாப்பை மூடிவிட்டு, "அந்தப் பொம்பள வலியில கத்தவேயில்ல. அதான் பயமா இருந்திச்சி" என்றார்.

வியாழக்கிழமை வக்கீலிடம் கொடுத்தோம். சத்தம் வேண்டுமா என்று அவரும் தயங்கினார். அப்படியே போகட்டும் என்று இவர் சொன்னார். அதிகாரி இரண்டு முறை போட்டுப் பார்த்தாராம். தடம் மாறியது கார்தான் என்று எழுதினார். ஓட்டும்போது போன் பேசியதையும் எழுதினார். அபராதம் கட்டினோம். உரிமத்தைச் சில மாதம் நிறுத்தி வைத்தார்கள். அந்த மாதங்களில் அவர் தக்காளி மண்டியில் எடை போடும் இடத்தில் உட்கார்ந்திருந்தார். சரியாகத் தூங்கவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை. எங்களுக்குள் பேச்சும் கொஞ்ச நாள் அளந்துதான் நடந்தது. கார்க்காரர்கள் பிறகு சமாதானத்துக்கு வந்தார்கள். அந்தப் பெண் கோலை ஊன்றிக்கொண்டு வந்திருந்தார். இவரைப் பார்த்ததும், "நீங்கதான அந்தக் கதவு" என்று மட்டும் கேட்டார். இவர் தலையாட்டினார்.

தை மாதம் மறுபடி வண்டி எடுத்தார். கிளம்பும்போது நான் கடையில் இருந்தேன். சாலையில் ஹாரன் அடித்துவிட்டுப் போனார். அன்று மூன்று விண்ணப்பங்களில் பிறந்த தேதியைத் தப்பாக அடித்தேன்.