சிங்காரத்துக்காகப் பதில் சொன்னவர்

குமராட்சி அமராவதி அம்மாவைப் பற்றி அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். "எழுதுப்பா. படிச்சிட்டு ரெண்டு பேராவது என்ன மாதிரி பண்ணாம இருப்பாங்க" என்றார். அதைக் கேட்ட நிமிஷத்திலிருந்து என் கை நிற்கவில்லை.

அவர் பிறந்தது நெல்லிக்குப்பம். அப்பா சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வண்டி ஓட்டியவர். எட்டாவதோடு படிப்பை நிறுத்தி, தாய்மாமன் சிங்காரத்துக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் கணவரை "மாமா" என்றுதான் கூப்பிடுகிறார். தனக்குக் கிடைக்காத படிப்பை மகள் ஜெயராணிக்குக் கொடுத்தே தீருவேன் என்று நின்றவர். பாடம் புரியாது. ஆனால் போன வருஷக் கேள்வித்தாளை எங்கிருந்தாவது வாங்கி வந்து, மகள் தூக்கத்தில் கேட்டாலும் விடை சொல்லும்வரை விடமாட்டார். ஜெயராணி அரசு வேலைக்குப் போனது அப்படித்தான். அதன்பிறகு அந்தத் தெருவில் யாருக்குப் பரீட்சை வந்தாலும் அமராவதி அம்மா வீட்டுக்குத்தான் ஓடி வருவார்கள்.

சிங்காரம் மினிபஸ் டிரைவர். சிதம்பரத்தில் கிளம்பி குமராட்சி வழியாகக் கொள்ளிடக்கரை ஊர்கள்வரை போகிற வண்டி. ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் அவர் சிங்காரம். லீவு நாளில் வீட்டில் இருந்தால் ஏதோ விருந்தாளி மாதிரி சுவரோரமாக உட்கார்ந்திருப்பார்.

போன வருஷம் மறதி நோய் ஆய்வு ஒன்றுக்கு ஆள் சேர்க்க எங்கள் குழு சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் முகாம் போட்டது. வயதானவர்கள் விருப்பப்பட்டால் சேரலாம். கூடவே அவரை நன்றாகத் தெரிந்த ஒருவரும் வர வேண்டும். மறதி வந்தவருக்குத் தன் மறதியே தெரியாமல் இருக்கலாம் இல்லையா, அதனால் கூட வந்தவரைத் தனி அறையில் வைத்துக் கேட்போம். பிரஷர் பார்க்க வந்த சிங்காரம், "நம்மளும் சேந்துக்கறேன்" என்று பெயர் கொடுத்துவிட்டுப் போனார்.

அமராவதி அம்மாவுக்குப் பகீரென்றது. சாப்பிட்ட கையோடு "சோறு போடலியா?" என்று சிங்காரம் கேட்க ஆரம்பித்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. பக்கத்து வீட்டு ரத்தினம்மாள் வேறு, தன் டெஸ்ட்டை முடித்துவிட்டு வந்து கிளப்பிவிட்டார்.

"அஞ்சு வார்த்த சொல்லுவாங்க அமரா. கொஞ்ச நேரம் வேற என்னமோ பேசிட்டு, திருப்பிக் கேப்பாங்க. பெயிலானா ஒம் புருசன வண்டிய வுட்டு எறக்கிடுவாங்க, பாத்துக்க."

"அந்த அஞ்சு வார்த்த என்னா, சொல்லு."

வழக்கமான வேலை தொடங்கிவிட்டது. பல் விளக்கும்போது, சாப்பிடும்போது, செருப்பு மாட்டும்போது எல்லாம் அதே கேள்விதான்.

"சொல்லு மாமா."

"கத்தரிக்கா, சைக்கிளு, ஆறு, கண்ணாடி..."

"இன்னொன்னு?"

"நீதான்."

"கெழவனுக்குக் குசும்ப பாரு. தென்னமரம்."

எங்கள் ஆபீஸ் மாடியில் நடந்த முதல் டெஸ்ட்டில் சிங்காரம் ஐந்தையும் சொன்னார். தேதி, கிழமை, மாவட்டம் எல்லாம் சரி. தனி அறையில் எங்கள் டாக்டர் ஸ்ரீமதி அமராவதி அம்மாவிடம், "வழி எதாவது தடுமாறுறாராம்மா?" என்று கேட்டார்.

"காலமெல்லாம் பஸ் ஓட்டறவரும்மா. அவரா தடுமாறுவாரு?"

சொன்னதையே சொல்கிறாரா? இல்லை. சாப்பிட்டதை மறக்கிறாரா? இல்லை. எல்லாவற்றுக்கும் இல்லை. சிங்காரத்தை நினைவு நன்றாக உள்ளவர்கள் பிரிவில் சேர்த்தோம். ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னோம். படியிறங்கும்போது அமராவதி அம்மா சிரித்த சிரிப்பு எனக்கு நினைவிருக்கிறது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அன்றைக்கே அந்த மினிபஸ்ஸில் ஒரு புதுப் பழக்கம் வந்துவிட்டிருந்தது என்பது எங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் கண்டக்டர் அன்புமணி, "அண்ணே, லெப்ட்டு" என்று குரல் கொடுப்பான். அவன் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தால் காய்கறிக்காரம்மா சொல்வார். அவரும் இல்லையென்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒன்றாகக் கத்துவார்கள். எல்லோருக்கும் அது ஒரு விளையாட்டு. சிங்காரமும் சிரித்துக்கொண்டே திருப்புவார்.

கார்த்திகையில் ஒரு மழை நாள். வண்டியில் நாலைந்து பேர்தான், அவர்களும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அன்புமணி பின்படியருகே ஜன்னல் ஷட்டரை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான். கரைச் சாலை பிரிகிற இடத்தில் குரல் கொடுக்க ஆள் இல்லை. வண்டி ஆற்றுக்குள் இறங்கும் மண்பாதையில் நேராகப் போனது. அன்புமணி கத்திக்கொண்டே முன்னால் ஓடி வந்தபோது முன்சக்கரம் தண்ணீரைத் தொட்டிருந்தது. கொள்ளிடம் கரை புரள ஓடியது. சிங்காரம் பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாலம் எங்கடா?"

அங்கே பாலம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

அன்புமணி நேராக அமராவதி அம்மாவிடம் வந்து நடந்ததைச் சொன்னான். "அண்ணி, ஓனருக்கு இன்னும் சொல்லல. அண்ணன் தண்ணியப் பாத்துதான் நிறுத்துனாரா, இல்ல நான் கத்துனதால நிறுத்துனாரான்னு எனக்கே தெரியல."

"மழைல கண்ணு தெரிஞ்சிருக்காதுடா."

"அப்டியே வெச்சிக்குவோம்" என்று சொல்லிவிட்டு, டீகூடக் குடிக்காமல் போய்விட்டான்.

தை மாதம் இரண்டாவது டெஸ்ட், கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் ஆபீஸ் மாடியில். காலை ட்ரிப்பை முடித்து, வண்டியைச் சிதம்பரத்தில் ஓரங்கட்டிவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சிங்காரம் வந்தார். சாயங்கால ட்ரிப்புக்குத் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அமராவதி அம்மா அதே ஐந்து வார்த்தைகளைக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

முதல் டெஸ்ட்டில் எல்லோருக்கும் ஒரே வார்த்தைகள்தான், அடுத்த டெஸ்ட்டில் அவற்றை மாற்றிவிடுவோம். அது அவருக்குத் தெரியாது.

இரண்டு அறைக்கும் நடுவே பிளைவுட் தடுப்புதான். இந்தப் பக்கம் ஸ்ரீமதி பழைய கேள்விகளையே கேட்க, அமராவதி அம்மாவும் பழையபடி இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டு வந்தார். கடைசியில் ஸ்ரீமதி பேனாவை மூடிவிட்டுச் சாதாரணமாகக் கேட்டார்.

"ஒங்க பேத்தி சிதம்பரத்துலதான படிக்குது? தாத்தா பஸ்லதான் போவுதா?"

ஜெயராணியின் மகள் ஒன்றாவதிலிருந்து அந்த பஸ்ஸில் எஞ்சின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போன பிள்ளை. அந்த மழை நாளுக்கு மறுநாளிலிருந்து அதை ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடுகிறவர் அமராவதி அம்மாதான். கேட்டவர்களிடம் பஸ்ஸில் கூட்டம் ஜாஸ்தி என்று சொன்னார். தன்னிடமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் சிங்காரத்தின் குரல் தெளிவாகக் கேட்டது. "கத்தரிக்கா, சைக்கிளு, ஆறு, கண்ணாடி, தென்னமரம்." அன்றைக்குக் கேட்ட வார்த்தைகளில் ஒன்றுகூட அதில் இல்லை. ஸ்ரீமதி தலையைத் தூக்கிப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்ததுமே, வார்த்தைகள் மாறியிருப்பது அமராவதி அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"எம் பேத்திய நான் ஏத்தறதில்லம்மா" என்றார். "ஊரான் வூட்டுப் புள்ளைங்க போவுது." பிறகு ஆற்றங்கரைவரை எல்லாவற்றையும் சொன்னார்.

இன்றிலிருந்தே ஓட்டக் கூடாது என்றார் ஸ்ரீமதி. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மாத்திரை எல்லாம் இனிமேல்தான். போன ஆறு மாதம் போனதுதானா என்று அமராவதி அம்மா கேட்டார். ஸ்ரீமதி இல்லை என்று சொல்லவில்லை.

வெளியே பெஞ்சில் சிங்காரம் உற்சாகமாக உட்கார்ந்திருந்தார். "அஞ்சயும் சொல்லிட்டேன். கெளம்பு, வண்டிக்கு நேரமாச்சு."

"சாவியக் குடு மாமா. இனிமே நீ ஓட்ட வேணாம்."

"யாரு சொன்னா?"

"நாந்தான் சொன்னேன். நடந்தது அத்தனயும்."

அவர் முகம் அப்படியே விழுந்துவிட்டது. "நீயேவா சொன்ன, அமரா?" என்றார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். சிங்காரம் சாவியை எடுத்து மனைவி கையில் வைத்தார். இருவரும் படியிறங்கினார்கள், பின்னாலேயே நானும் போனேன்.

வாசலில் வெயில். ஆட்டோவுக்காக நின்றோம். சிங்காரம் சட்டைப் பையைத் தடவினார், வேட்டி மடிப்பைத் தடவினார், சட்டைப் பையை மறுபடி தடவினார்.

"அமரா, சாவி எங்க? வண்டிக்கு நேரமாச்சே."

அமராவதி அம்மா அவர் பக்கம் திரும்பி, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். அவர் முகம் மறுபடியும் அதே மாதிரி விழுந்தது.

"நீயேவா சொன்ன?"