ஸ்டெல்லா அக்காவின் இரண்டு விநாடி

திருவொற்றியூரில் ஒரு பெயர்சூட்டு விழாவைப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா அக்காவின் தம்பி அழைத்தார். "அக்கா பூட்டாங்க. காலையில நெஞ்சு வலின்னாங்க, அவ்ளோதான்." உள்ளே குழந்தையின் காதில் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என்னால் கேமராவைத் தூக்க முடியவில்லை.

ராயபுரத்தில் நாங்கள் இருவரும் பதினாறு ஆண்டுகள் ஒரே ஸ்டூடியோவை நடத்தினோம். மணப்பெண்ணின் வெள்ளை கவுனும் மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டும் ஒரே படத்தில் வெளிறாமல், இருளாமல் வர வேண்டுமென்றால் அக்காதான் எடுக்க வேண்டும்.

அவர் ஆசைப்பட்டுப் படமெடுத்தது கடலைத்தான். ஒரு விடியலில் காசிமேட்டில் கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஷட்டரை இரண்டு விநாடி திறந்து வைத்தார். அலை புகைபோலப் பதிந்தது. அந்த நேரத்துக்குள் ஒரு மீனவர் சற்று நின்று, பிறகு நடந்திருக்கிறார். அவர் உடம்பின் ஊடே படகு தெரிந்தது, முகம் அழிந்திருந்தது.

"ஆவி மாதிரி கீறாரு. நல்லா கீதுல்ல?" என்று காட்டினார். அழகாக இருக்கிறது என்றேன்.

அன்று கடலுக்குப் போன அந்த மீனவர் திரும்பவில்லை.

பத்து நாள் கழித்து அவர் மனைவி ஸ்டூடியோவுக்கு வந்தார். அக்கா அன்று அங்கே படமெடுத்ததை யாரோ சொல்லியிருந்தார்கள். அக்கா மறைக்காமல் காட்டினார்.

"மூஞ்சி எங்க கீது, யக்கா?"

"ஷட்டரை ரெண்டு செகண்டு தொறந்து வெச்சேன்மா. அதுக்குள்ள நடந்துட்டாரு."

"நிக்கச் சொல்லிருந்தா நின்னுருப்பாரே."

படத்தை வாங்காமலே போய்விட்டார்.

அதன்பின் அக்கா கடலை எடுக்கவில்லை. வாரம் இருமுறை விடியலில் போய், கடலுக்குக் கிளம்புகிறவர்களை ஒவ்வொருவராக நிறுத்தி எடுத்தார். வெளிச்சம் போதாது. லென்ஸை முழுக்கத் திறந்து, கேமராவின் ஒளியுணர்வான ஐஎஸ்ஓவை ஏற்றுவார். ஷட்டர் வேகத்தை மட்டும் குறைக்கவே மாட்டார். படம் மணல் மணலாக வருகிறதே என்று ஒருமுறை கேட்டேன்.

"புள்ளி விழட்டும். மூஞ்சி விழணும்."

அந்தப் பழைய படத்தை அவர் அழிக்கவும் இல்லை. சில மதியங்களில் அதைத் திறந்துவைத்து, "அவரு இன்னும் நடந்துகினேதான் கீறாரு" என்பார். அதை அழகு என்றவன் நானும்தான்.

அடக்கம் முடிந்த மறுநாள் விடியலில் காசிமேடு போனேன். ஐஸ் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர், "அக்கா வர்லியா?" என்றார். சொன்னேன். பெட்டியைக் கீழே வைத்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். நான் கேட்காமலே சுவரோரம் போய் நின்றார். அவரோடு இன்னும் நால்வர் வந்து நின்றார்கள். அக்கா வைக்கும் வேகத்திலேயே ஷட்டரை வைத்து எடுத்தேன்.

போய் வாருங்கள், அக்கா. படகு கிளம்பிவிட்டது. ஐந்து பேரின் முகமும் தெளிவாக இருக்கிறது.